எலும்பு கிலோ என்ன விலை?

பிறக்கப்போகும் கண்ணுக்கு,

நீ இன்னும் வரவில்லை. வருவதற்குள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, சிசேரியனுக்கு நேரம் குறித்து வாங்கிவந்து டாக்டரிடம் நீட்டுகிற ஜனங்கள். ரோகிணியில் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போகிற ஜோசியர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. எந்த மரபணுவில் எந்த எழுத்து பிசகிப் பிறந்தால் எந்த அரசாங்கத்துக்கு ஆகாது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம். தட்சணை வேண்டாம்.

எலும்பு கரைகிற, எலும்பு இறுகாத, எலும்பு நொறுங்குகிற பரம்பரை நோய் ஏதோ ஒன்றோடு நீ வரப்போவதாக வைத்துக்கொள்வோம். ஏதோ ஒன்று என்று அலட்சியமாக வந்துவிடாதே. எல்லா நோயும் ஒரே விலை இல்லை. எல்லா நோயாளிக்கும் ஒரே மரியாதையும் இல்லை.

முதல் யோசனை: கட்டம் பார்த்துப் பிற

2021-ல் இந்திய அரசு அரிய நோய்களுக்கென்று ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம்; இதில் மூன்றே கட்டம். சுலபம்தான்.

முதல் கட்டத்தில், ஒரே முறை வைத்தியத்தில் தீரக்கூடிய நோய்கள். எலும்பு கல்லாக இறுகி, உள்ளே மஜ்ஜைக்கு இடமில்லாமல் போகிற ஆஸ்டியோபெட்ரோசிஸ் இங்கே இருக்கிறது. கல் என்றதும் உறுதி என்று நினைத்துவிடாதே. சாக்குக்கட்டி மாதிரி ஒடியும். இதற்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. செல் கொடுக்கப் பொருத்தமான அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் நல்லது. ஆகவே தலைப்பிள்ளையாக வராதே.

இரண்டாம் கட்டத்தில், நாள்பட்ட, ஆனால் செலவு குறைந்த வைத்தியம் உள்ள நோய்கள். கொலாஜன் மரபணு பிசகி, தூக்கினால் தொடை ஒடிகிற ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா இங்கே இருக்கிறது. பிஸ்பாஸ்போனேட் மருந்து ஏற்றுவார்கள். அது மரபணுவைத் தொடாது. எலும்பு கரைவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இந்தக் கட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவுவது பற்றி மாநில அரசுகள் பரிசீலிக்கலாம் என்கிறது கொள்கை. அரசாங்க பாஷையில் பரிசீலனை என்றால் என்ன என்று உன் தாத்தாவைக் கேட்கலாம். ஆனால் அவர் இல்லை. பட்டா மாறுதல் மனு பரிசீலனையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்றாம் கட்டம்தான் அஷ்டமத்துச் சனி. மருந்து உண்டு, ஆனால் விலை யானை விலை, அதுவும் ஆயுள் முழுக்க. இதற்குள்ளேயும் இரண்டு உட்பிரிவு. 3(அ)வில் இருப்பவர்களுக்கு மருந்து பலன் தருகிறது என்று நல்ல ஆதாரம் உண்டு. 3(ஆ)வில் இருப்பவர்களுக்கு, நீண்டகாலத் தரவுகள் வரவேண்டியிருக்கிறது அல்லது மிகச் சில நோயாளிகளிடம் மட்டுமே சோதித்திருக்கிறார்கள். நோயின் பெயரே அரிய நோய். அரிய நோய் என்றால் சிலருக்கு மட்டும் வருவது. அதைச் சிலரிடம் மட்டும் சோதித்திருக்கிறீர்களே என்று குறை சொல்வதற்கும் ஒரு மூளை வேண்டும். அந்த மூளை நம்மிடம் இருக்கிறது.

ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற நோய் இந்த 3(ஆ)வில் உட்கார்ந்திருக்கிறது. 1948-ல் கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர் ராத்பன் பெயர் வைத்த நோய். வீடு கட்டுகிறவரைக் கேட்டால் புரியும்படி சொல்வார்: கம்பி கட்டியாகிவிட்டது, கலவை பிடிக்கவில்லை. ஏஎல்பிஎல் என்ற மரபணு பிசகினால் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி குறையும். அந்த நொதி அப்புறப்படுத்த வேண்டிய பைரோபாஸ்பேட் குவிந்துகிடந்து, சுண்ணாம்புச் சத்தை எலும்பில் படிய விடாது. கடுமையாக வந்தால், மூச்சுவிடக்கூட வலுவில்லாத விலா எலும்புகளோடு குழந்தை பிறக்கும். கொஞ்சம் இலேசாக வந்தால், பால்பல் வேரோடு கழன்று விழும். இந்த நோயையே மீதிக் கடிதத்துக்கும் உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் யோசனை: சாப்பிடாதே

மருந்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா என்று பெயர், ஸ்ட்ரென்சிக் என்று விற்கிறார்கள். குறைகிற நொதியை ஆலையில் உயிரணுக்களுக்குள் வளர்த்தெடுத்து, அதன் பின்னால் பத்து அஸ்பார்ட்டிக் அமிலங்களாலான ஒரு வாலைத் தைத்திருக்கிறார்கள். அந்த வால் எலும்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். 2012-ல் வெளியான ஆய்வில் 11 சிறு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் நிழல்கூட இல்லாத இடத்தில், பெரும்பாலான குழந்தைகளுக்கு எலும்பு தெரியத் தொடங்கியது. மனிதன் செய்த அழகான காரியங்களில் ஒன்று அது. செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் கிண்டல் இல்லாத பத்தி இது ஒன்றுதான், நன்றாகப் பார்த்துக்கொள்.

அந்த மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 6 மில்லிகிராம், மூன்று ஊசியாகவோ ஆறு ஊசியாகவோ பிரித்து. மூன்று கிலோவில் பிறந்தால் வாரத்துக்கு 18 மில்லிகிராம். பத்துக் கிலோவில் 60. இருபது கிலோவில் 120. அளவை நிர்ணயித்தது உடம்பு, அதில் தப்பில்லை. அளவோடு விலையையும் சேர்த்துக் கட்டியது யார்? நீ வளர்ந்தால் பில்லும் வளரும். மருந்து வேலை செய்தால் நீ வளர்வாய். ஆக, மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு வேகமாக உன் வீடு ஏலத்துக்குப் போகும். இப்படிப்பட்ட பொறியை மார்வாடிக் கடை வட்டிக் கணக்கில்கூட நான் பார்த்ததில்லை.

உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிலாவைக் காட்டி, காக்காவைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சுவாள். வாயைத் திறக்காதே. அது பருப்புச் சோறு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது விலைப்பட்டியல். தீபாவளிக்குப் பாட்டி ஊட்டும் ஒரு லட்டு, பொங்கலுக்கு இரண்டு கரண்டி நெய் என்று சேர்ந்துபோனால் மருந்துக் கம்பெனிக்குக் கொண்டாட்டம். தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் வாரத்துக்கு ஐந்து முட்டை போடுகிற நாடு இது. முட்டை போட்டு எடையை ஏற்றிவிட்டு, ஏறின எடைக்கு மருந்து வாங்கப் பணமில்லை என்று கைவிரிக்கிற நாடும் இதுதான்.

மூன்றாம் யோசனை: பாலாடையைப் பிடிக்கும் முன் பங்குச் சந்தை படி

ஏன் இந்த விலை என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: ஆராய்ச்சிச் செலவு. நம்பு. நம்புவதற்கு முன் இந்தக் கதையையும் கேட்டுக்கொள்.

அரிய நோய்க்கு மருந்து செய்ய ஆளில்லையே என்று 1983-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அனாதை மருந்துச் சட்டம் என்று பெயர். நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் குறைவான பேருக்கு வரும் நோய்க்கு மருந்து செய்தால், ஏழு ஆண்டு வேறு யாரும் அதே நோய்க்கு அதே மருந்தை விற்க முடியாது. பரிசோதனைச் செலவில் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது அது கால் பங்கு. நல்ல சட்டம். அனாதைகளுக்கு அன்னசத்திரம் கட்டினார்கள். சத்திரத்தில் கோடீஸ்வரர்கள் வந்து பந்தி பந்தியாக உட்காருவார்கள் என்று கட்டியவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

அப்புறம் ஒரு சீட்டு. குழந்தைகளின் அரிய நோய்க்கு மருந்து கொண்டுவந்தால், கம்பெனியின் அடுத்த மருந்து ஏதாவது ஒன்றை வரிசையில் முந்திப் பரிசீலிக்க ஒரு சீட்டு தருவார்கள். திருப்பதியில் சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரி. திருப்பதி டிக்கெட்டை வேறொருவருக்கு விற்க முடியாது; இதை விற்கலாம். 2015-ல் ஒரு கம்பெனி தன் சீட்டை இன்னொரு கம்பெனிக்கு 35 கோடி டாலருக்கு விற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்ட்ரென்சிக்குக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தபோது, அலெக்சியன் கம்பெனிக்கும் அப்படி ஒரு சீட்டு சேர்ந்து கிடைத்தது.

அந்த மருந்தை உருவாக்கிய மான்ட்ரியல் கம்பெனி எனோபியா. 2012-ல் அலெக்சியன் அதை வாங்கியது. கையில் 61 கோடி டாலர், மேற்கொண்டு இலக்குகள் நிறைவேறினால் மொத்தம் 108 கோடி வரை. 2021-ல் அலெக்சியனையே அஸ்ட்ராஜெனிகா வாங்கியது, சுமார் 3,900 கோடி டாலருக்கு. கவனி கண்ணு: கைமாறியபோதெல்லாம் அந்த நொதியில் ஒரு அமினோ அமிலம்கூட மாறவில்லை. மாறியது உரிமைப் பத்திரம். எங்கள் ஊர்ப் பக்கம் பைபாஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் மானாவாரிக் காட்டை வாங்கி, விற்று, மறுபடி வாங்கி விலையேற்றுவார்கள். அங்கே மண். இங்கே உன் விலா எலும்பு.

அமெரிக்காவில் அந்த மருந்துக்கு ஓராண்டு விலை லட்சக்கணக்கான டாலர். ஒரே ஒரு லட்சம் டாலர் என்று வைத்தாலும் எண்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். இந்த எண்ணை மறந்துவிடாதே. கொஞ்ச நேரத்தில் நம் அரசாங்கம் தன் பர்ஸைத் திறக்கப்போகிறது.

நான்காம் யோசனை: முடிந்தால் சுண்டெலியாகப் பிற

மேலே சொன்ன மருந்து நோயின் வேரைத் தொடுவதில்லை. வாராவாரம் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். வேரைத் தொடும் வைத்தியம் இல்லையா? இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஜப்பானில் நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் இதே நோயுள்ள சுண்டெலிக் குஞ்சுகளுக்கு, சரியான மரபணுவைச் சுமந்த வைரஸைப் பிறந்தவுடன் ஒரே ஒரு முறை ஊசியாகப் போட்டார்கள். சாக வேண்டிய குஞ்சுகள் பிழைத்தன. முடிவு 2011-லேயே அச்சில் வந்துவிட்டது.

ஹஜ்டு-செனி என்று இன்னொரு நோய். விரல் நுனி எலும்புகள் உருகிக் காணாமல் போகும், முதுகெலும்பு நசுங்கும். நாட்ச் 2 என்ற மரபணுவில் பிழை என்று 2011-ல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு செய்யும் புரதத்தின் வாலில், வேலை முடிந்ததும் என்னை அழித்துவிடு என்று ஒரு குறிப்பு உண்டு. பிழையினால் வால் அறுந்துபோகிறது; புரதம் அழியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, எலும்பை இடி, எலும்பை இடி என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் பணிநீட்டிப்பு வாங்கிக்கொண்டு ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் உடனே புரியும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்டோ கனாலிஸ் குழுவினர் அந்த உத்தரவின் நகலை வழியிலேயே மடக்கும் சிறு மரபுத் துண்டுகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். எலும்பு தேறியது, 2020-ல் வெளியிட்டார்கள். மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை. மருத்துவ இலக்கியத்தில் பதிவான ஹஜ்டு-செனி நோயாளிகள் நூறு பேர் அளவில்தான். நூறு பேரை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி கடை திறக்கும்? சுண்டெலிக்குக் குணமாகிவிட்டது. அதற்குத் திருமண வரன்கூடப் பார்க்கலாம்.

வேலையும் லேசு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மரபணு மருந்தை இரத்தத்தில் விட்டால் பெரும்பாலும் கல்லீரல்தான் வாரிக்கொள்ளும். எலும்புக்குப் போய்ச் சேருவது கடினம். ஆனால் 2025 மே மாதம் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை, கல்லீரல் நொதிக் குறையோடு பிறந்த ஒரே ஒரு குழந்தைக்காக, அந்தக் குழந்தையின் பிழைக்கு மட்டுமே பொருந்துகிற மரபணுத் திருத்த மருந்தை ஆறே மாதத்தில் செய்து கொடுத்ததை அறிவித்தது. ஒரு குழந்தைக்கு ஒரு மருந்து. விஞ்ஞானத்துக்கு ஒருவர் போதும். வியாபாரத்துக்குத்தான் லட்சம் பேர் வேண்டும்.

ஐந்தாம் யோசனை: குறைவாகப் பிறக்காதே, அதிகமாகப் பிற

எலும்பு குறைகிற நோய்க்குப் பதில் எலும்பு கூடுகிற நோயோடு வந்தால் உனக்குச் சந்தை மதிப்பு உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்ற நோய் பரம்பரையாக வருகிறது. எலும்பு பெருத்துக்கொண்டே போகும். அடிபட்டாலும் ஒடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மண்டையோடும் அதே போல் பெருத்து, நரம்பை நெருக்கி, முகம் கோணி, காது செவிடாகி, மூளையை அழுத்தும். மண்டையைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருக்கும்.

இவர்கள் உடம்பில் எந்த மரபணு வேலை செய்யவில்லை என்று 2001-ல் தெரிந்தது. அது செய்யும் புரதத்தின் பெயர் ஸ்கிளிரோஸ்டின். எலும்பு வளர்ச்சிக்கு பிரேக் போடுவது அதன் வேலை. அந்த பிரேக்கை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தைச் செய்து, 2019-ல் ஆம்ஜென், யூசிபி கம்பெனிகள் எலும்பு தேய்ந்த வயதான பெண்களுக்கு விற்கத் தொடங்கின. ஈவெனிட்டி என்று பெயர். 2023-ல் அதன் ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியது.

நல்ல மருந்துதான், உன் பாட்டிக்கு உதவலாம். ஆனால் யாருடைய மரபணு அந்த வழியைக் காட்டியதோ, அவர்களுடைய மண்டையோட்டின் பெருக்கத்தை நிறுத்த ஒரு மருந்தும் சந்தையில் இல்லை. பசுவிடம் கறந்த பாலில் ஊருக்கெல்லாம் காபி. பசுவுக்கு வைக்கோல்கூட இல்லை.

ஆறாம் யோசனை: களையான முகத்தோடு பிற

இப்போது அரசாங்கத்தின் பர்ஸ். அரிய நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. 2022-ல் இந்த வரம்பு வந்தது. அதற்கு முன் மூன்றாம் கட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அனுதாபம் மட்டுமே என்பதால், இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நான் மறக்க வேண்டாம் என்று சொன்ன அந்த எண்பது லட்சத்தை எடுத்துப் பக்கத்தில் வை. நோய் ஆயுள் முழுக்க. பணம் ஓராண்டுக்குப் போதாது. ஆற்றைக் கடக்கப் பாதிப் பாலம் கட்டிக் கொடுத்துவிட்டு, பாலம் கட்டிய அமைச்சர் பெயரைக் கல்வெட்டில் பொறித்தாகிவிட்டது.

பாதிப் பாலத்தில் நிற்கும் ஒரு நோயாளிக்கு, வரம்பைத் தாண்டியும் மருந்து கொடு என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசு என்ன செய்தது தெரியுமா? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, 2025 பிப்ரவரியில் தடை வாங்கியது. மருந்து வாங்கப் பணமில்லாத அரசுக்கு வழக்கறிஞர் வைக்கப் பணமிருந்தது. 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம், அரிய நோய்களுக்குத் தேசிய நிதியம் ஒன்றை அமைத்து இரண்டு ஆண்டுகளுக்கு 974 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னதும் உண்டு. நூற்றி நாற்பது கோடி ஜனங்கள். தலைக்கு ஏழு ரூபாய். ஒரு டீக்குக்கூடப் போதாத காசு. அதற்கும் ஒரு பிள்ளை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

மிச்சப் பணத்துக்கு அரசே வழி சொல்கிறது: பிச்சை எடு. மரியாதையாக அதற்கு மக்கள் நிதி திரட்டல் என்று பெயர். 2021-லேயே அதற்கென்று சுகாதார அமைச்சகம் ஓர் இணையதளம் திறந்துவிட்டது. கோயில் வாசலில் தட்டேந்துகிறவரைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிற அரசாங்கம், நோய்ப்பட்ட குழந்தைக்குத் தானே தட்டு வாங்கிக் கொடுக்கிறது.

ஆகவே களையான முகத்தோடு வா. பதினாறு கோடி ரூபாய் ஊசி என்று சில ஆண்டுகளுக்கு முன் ஊரே பேசியது நினைவிருக்கும். அது முதுகுத் தண்டு நரம்பு சம்பந்தப்பட்ட வேறு நோய். சினிமாக்காரர்கள் பகிர்ந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கினார்கள், சில குழந்தைகளுக்குச் சேர்ந்தது. கொடுத்த கைகளெல்லாம் நல்ல கைகள். சேராத குழந்தைகளின் படங்கள் எங்கே போயின? கண்ணில் நீர் கோத்து நிற்கத் தெரியாதவை, குறுகுறுவென்று சிரிக்காதவை, அப்பாவுக்கு இன்ஸ்டாகிராம் தெரியாதவை. இந்தக் காலத்தில் லைக் வாங்காத நோய் கர்ம வினை.

இதெல்லாம் இருக்கட்டும். இதன் உச்சம் இன்னொன்று. மருந்துகளின் விலையைக் கட்டுப்படுத்த நம்மிடம் ஓர் ஆணை உண்டு. 2019 ஜனவரியில் அதைத் திருத்தி, அரிய நோய்க்கான மருந்துகளுக்கு விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் மாத்திரைக்குக் கடிவாளம், உன் ஊசிக்கு அவிழ்த்துவிட்ட குதிரை. விலக்குக் கொடுத்த கையே, விலை அதிகம் என்று அலுத்துக்கொண்டு உன்னை மூன்றாம் கட்டத்தில் போட்டிருக்கிறது. 2023 ஏப்ரலில் இறக்குமதி வரியை நீக்கினார்கள், வாஸ்தவம். அதற்கு மாவட்ட மருத்துவ அதிகாரியிடமோ மேலே இருப்பவரிடமோ சான்றிதழ் வாங்க வேண்டும். அபூர்வமாகப் பிறந்தது நிஜம்தானா என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டாமா?

ஏழாம் யோசனை: சொந்தத்தில் பிறக்காதே

டெல்லியையும் அமெரிக்காவையும் திட்டினால் கைதட்டு கிடைக்கும். கொஞ்சம் வீட்டுக்குள்ளேயும் வருகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பெண்களில் 28 பேர் இரத்த உறவில் திருமணம் செய்தவர்கள். அக்கா மகளைக் கட்டினால்தான் உறவு நிலைக்கும், நகை வெளியே போகாது. நகை வெளியே போகாது சரி. பிழையான மரபணுவும் வெளியே போகாது. தாய் பக்கம் ஒன்று, தகப்பன் பக்கம் ஒன்று என்று இரண்டு பிரதியும் பிசகினால்தான் வருகிற நோய்கள் நிறைய. கடுமையான ஹைப்போபாஸ்பட்டேசியாவும், சிசுக்களைக் கொல்லும் ஆஸ்டியோபெட்ரோசிஸும் அந்த வகை. கனடாவின் மானிட்டோபாவில் தங்களுக்குள்ளேயே மணந்துகொள்ளும் மென்னோனைட் சமூகத்தில், கடுமையான ஹைப்போபாஸ்பட்டேசியா 2,500 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ரஜ்ஜு தட்டினால் கல்யாணத்தையே நிறுத்துகிறோம். பதினோராவதாக ஒரு மரபணு ஆலோசனை என்றால், எங்கள் வம்சத்தில் அப்படியெல்லாம் கிடையாது என்று மீசையைத் தடவுகிறோம்.

கடைசியாக

யோசனைகள் தீர்ந்தன. நட்சத்திரத்தையே உன்னால் தேர்ந்தெடுக்க முடியாது என்கிறபோது மரபணுவை எப்படித் தேர்ந்தெடுப்பாய்? இத்தனை நேரம் உனக்குப் புத்தி சொன்னதெல்லாம், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வக்கில்லாததால்தான்.

இப்போது அந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன். விலை என்பது புயல் மாதிரி வானத்திலிருந்து வருவது இல்லை. மனிதர்கள் உட்கார்ந்து எழுதுவது. எழுதியதை அழிக்கவும் முடியும், அழித்தும் இருக்கிறோம். 2012-ல் புற்றுநோய் மருந்து சோராஃபெனிபைக் காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே இன்னொரு கம்பெனி செய்து விற்க இந்தியா கட்டாய உரிமம் கொடுத்தது. மாதம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு விற்றது, ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேனாவை அரசு தொடவே இல்லை. 2025 அக்டோபரில், முதுகுத் தண்டு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்து வழக்கில் நீதிமன்றம் காப்புரிமைக்காரரின் தடைக் கோரிக்கையை மறுத்தது. புட்டி ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து, இந்தியக் கம்பெனி செய்ததும் 15,900 ரூபாய்க்கு வந்தது. மிச்ச ஐந்து லட்சத்து எண்பத்து நாலாயிரம் எந்த ஆராய்ச்சிக்கு? யாராவது வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டட்டும்.

அது இரசாயன மருந்து, எலும்பு மருந்து உயிரணுவில் வளர்க்கும் புரதம், அவ்வளவு சுலபமாக நகலெடுக்க முடியாது என்பார்கள். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் அதே வகைப் புரதங்களை நகலெடுத்து உலகத்துக்கே விற்கும் ஆலைகள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. நம்மிடம் இல்லாதது ஆலை இல்லை, வெட்கம். 2019-ல் கொடுத்த விலை விலக்கைத் திரும்பப் பெறுங்கள். 50 லட்சம் என்ற பாதிப் பாலத்தை முழுப் பாலமாக்குங்கள். சட்டத்தில் இருக்கும் கட்டாய உரிமத்தைத் தூசி தட்டுங்கள். கிலோக் கணக்கில் குழந்தையை நிறுத்து விலை சொல்லும் எந்தக் கம்பெனியோடும், ஒரு நோயாளிக்கு இவ்வளவுதான் என்று பேசி முடியுங்கள். தக்காளிக்கே பேரம் பேசுகிற தேசம் இது.

கண்ணு, இதெல்லாம் நடக்கும்வரை காத்திரு என்று உன்னிடம் சொல்ல முடியாது, நீ வந்துகொண்டிருக்கிறாய். அதனால் கடைசி வார்த்தை உன் அப்பா அம்மாவுக்கு.

பால்பல் விழுந்தால் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் வழக்கம். ஐந்து வயதுக்கு முன்னால் ஒரு பல் வேரோடு முழுசாகக் கழன்று விழுந்தால் மட்டும் எறிய வேண்டாம். கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனையோடு எல்லா ஊரிலும் பார்க்கிற, சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சோதனை. அந்த எண் கூடினால் எல்லோரும் கவனிப்பார்கள், குறைந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. குழந்தைகளுக்கு அது பெரியவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும்; பெரியவர்களின் அளவுகோலை வைத்து, சரியாக இருக்கிறது என்று சொன்னால் ஏமாறாதீர்கள். குழந்தையின் வயதுக்கு இது சரியா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள்.